காப்பிரைட்டிங் நோட்டில் அப்பாவின் எழுத்து

மயிலாப்பூரில் பாதிப் பங்குமக்களின் ஞானஸ்நானம் பவுல்சாமியின் கையெழுத்தில்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாகப் பங்குக் கோயில் அலுவலகத்தில் எழுத்தர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் சர்டிபிகேட்டை அவர் கையால் எழுதி வாங்கிப் போகிறவர்கள் உண்டு. 'ழ'வின் வாலை அடுத்த எழுத்துக்கு அடியில் கொண்டுபோய்ச் சுருட்டி நிறுத்துவார். அந்தச் சுருளில் அவருக்கு ஒரு ரகசியக் கர்வம்.

மகள் லிசா நாலாம் வகுப்பு. தினம் இரண்டு பக்கம் காப்பிரைட்டிங், பத்துக் கணக்கு, கேள்வி பதில் ஐந்து முறை. அம்மா நோராவுக்கு அடையாறு நர்சிங் ஹோமில் மாலை டியூட்டி. வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டுவது பவுல்சாமியின் பாடு. ஒருநாள் கணக்கு முடிவதற்குள் பிள்ளை நோட்டின்மேலேயே தலைசாய்த்துவிட்டாள். இன்னைக்கு மட்டும் என்று காப்பிரைட்டிங்கைத் தானே எழுதப் பென்சிலை எடுத்தார். முதல் நாள் கவனமாகக் கோணல்மாணலாக எழுதினார். மறுவாரம் கை தன் வழிக்குப் போய்விட்டது. நோட்டில் ஸ்டார் விழுந்தது. அதில் அவருக்குச் சந்தோஷம் வேறு.

வியாழக்கிழமை லிசாவின் வகுப்பு மிஸ் ரெனிட்டா அலுவலகத்துக்கு வந்தாள். கோயிலில் அவளுடைய கல்யாண அறிவிப்பை, ஓலையை, வாசிக்க ஞானஸ்நான சர்டிபிகேட் வேண்டும். எதிரில் உட்கார்ந்து அவர் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஏழாம் தேதி' என்று எழுதி வாலைச் சுருட்டினார். அவள் முன்னால் குனிந்தாள்.

"அங்கிள், லிசா நோட்ட யாரு எழுதுறாங்க?"

பேனா நின்றது.

"மூணு நாளா அவ கிளாஸுக்கு வெளியதான் நிக்கிறா. உங்களுக்குத் தெரியாதா? 'நான்தான் மிஸ் எழுதினேன்'னே சொல்றா. சரி, போர்டுல எழுதுடின்னா கைய கட்டிக்கிறா. பொய் சொல்றாளேன்னுதான் எனக்குக் கோபம். அவ பொய்தான் சொல்றாளா அங்கிள்?"

மூன்று நாளும் சாயங்காலம் அவர் கேட்டிருந்தார், ஸ்கூலில் என்ன நடந்தது என்று. ஒண்ணுமில்லப்பா என்றிருந்தாள். மூன்று நாளும் அவரே எழுதியும் கொடுத்திருந்தார்.

"நான்தான் எழுதினேன் மிஸ்," என்றார். குரல் தணியவில்லை, சர்டிபிகேட்டுக்காக அவளுக்குப் பின்னால் காத்து நின்ற இருவருக்கும் கேட்டது.

"இன்னா கிளார்க்கு, நாலாவது பாஸா, ஃபெயிலா?" என்றார் அவர்களில் ஒருவர்.

ரெனிட்டா சிரிக்கவில்லை. "அவ்ளோ ஹோம்வொர்க் குடுத்தது நான்தானே. வெளிய நிக்கவெச்சதும் நான்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டு, சர்டிபிகேட்டை மடிக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் கணக்கை முடித்துவிட்டு லிசா காப்பிரைட்டிங் நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் திருப்பித் தள்ளினார்.

"நீயே எழுதும்மா."

"நான் எழுதுனா தெரிஞ்சிடும்ப்பா. நீ மாட்டிக்குவ."

"மிஸ் வந்தாங்க. நானே சொல்லிட்டேன்."

லிசா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம்தான் இருந்தது.

"எதுக்குப்பா சொன்ன? நான் மூணு நாளு நின்னுக்கினு இருந்தேனே."

பவுல்சாமியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்பு கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் பென்சிலைச் சீவ ஆரம்பித்துவிட்டாள்.

"அந்தப் பக்கம் போய் உக்காரு. பாக்காத," என்றாள்.

போய் உட்கார்ந்தார். அப்படியும் அவள் இடது கையால் பக்கத்தை மறைத்துக்கொண்டுதான் எழுதினாள்.