வாய்க்கு எட்டாத கடம்பூர் போளி

மழை பெய்த மறுநாள், ஆட்டை விரட்டிப் போய்க் கரிசல் சேற்றில் வழுக்கி விழுந்தேன். வலது முழங்கை மூட்டு நாலு துண்டாகிவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தார்கள்.

"நாளையிலேருந்தே கையை மெதுவா மடக்கி நீட்டணும்" என்றார் டாக்டர்.

எங்கள் பம்புசெட் மோட்டார் அதிர்ந்து அதிர்ந்தே ஸ்க்ரூ கழன்று விழுவதைப் பார்த்தவன் நான். கையிலும் கழன்றுவிட்டால்? அசைக்கவே இல்லை. மனைவி ஊட்டிவிட்டாள். அதுவும் சுகமாகத்தான் இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து மச்சான் கடம்பூர் போளி வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனான். மனைவி கடைக்குப் போயிருந்தாள். இடது கையால் தின்ன மனம் வரவில்லை. வலது கையில் எடுத்தேன். போளி வாய்க்கு ஒரு சாண் தள்ளியே நின்றுவிட்டது. கழுத்தை நீட்டியும் எனக்கு எட்டவில்லை. என்னை விழவைத்த அதே ஆட்டுக்கு எட்டியது.

திரும்பி வந்த மனைவி, "ஆடு திங்குததைப் பாத்துக்கிட்டா இருக்கீய? கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு!" என்றாள்.

டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். "ஸ்க்ரூ அப்படியே இருக்கு அண்ணாச்சி. மூட்டுதான் இறுகிப்போச்சு. இன்னும் விட்டிருந்தா மறுபடி ஆபரேஷன்தான்."

மனைவி அன்றே ஊட்டுவதை நிறுத்திவிட்டாள். இப்போது தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு கையை மடக்கி நீட்டுகிறேன். வாய்க்கு இன்னும் இரண்டு விரற்கடைதான் பாக்கி. அதுவரை, போளியைக் கையில் எடுக்கும் முன் ஆட்டைக் கட்டிவிடுகிறேன்.