பெல்பாட்டம்காரர் மேல் இறங்கிய ஆத்தா

இன்று காலை எங்கள் வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது!

(பெரிய காஞ்சிபுரத்தில் கார் நின்றால் பட்டுப்புடவைக் கடைக்கு வழி கேட்கத்தான் நிற்கும். நானும் வலது கையை நீட்டத் தயாராக இருந்தேன்.)

இறங்கியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வெள்ளை முடியைக் குதிரைவால் போட்டிருந்தார்.

"பம்பை வாசிப்பாரே, அவர் வீடு இதானேம்மா?"

எங்கப்பாதான் அது. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. வீடு ஒரே பெண்ணான எனக்கு வந்தது.

உள்ளேயிருந்து மருமகள் ஓடி வந்தாள்.

"அத்தே! இவர் யாருன்னு தெரியுதா? அந்த ரெக்கார்டுல கிடார் வாசிச்சவரு! லெஜண்டு!"

"தெரியாம இன்னா? எங்கப்பா பம்பைக்கு ஆத்தா வந்து ஆடினவரு!"

லெஜண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தெரியாதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில், நான் பாவாடை கட்டித் திரிந்த வயதில், மெட்ராஸிலிருந்து முடி வளர்த்த நாலு பேர் வேனில் வந்தார்கள். பெல்பாட்டம், எலக்ட்ரிக் கிடார். நம்ம ஊர் பம்பையையும் வெள்ளைக்காரன் ராக் மியூசிக்கையும் கலந்து ரெக்கார்ட் போடப் போகிறார்களாம்.

அதைத்தான் இப்போது 'மைல்கல்' என்கிறார்கள். அன்றைக்கு எங்கள் தெரு என்ன சொன்னது என்பதை இங்கே எழுத முடியாது!

பட்டுநூல் மூட்டை அடுக்கிய கிடங்கில் ரெக்கார்டிங். மூட்டை இருந்தால் எதிரொலிக்காதாம். தறிச் சத்தம் விழுகிறது என்று தெருவையே நிறுத்தச் சொன்னார்கள். எதிர்வீட்டு மாமா மட்டும் நிறுத்தவில்லை.

"நாளைக்கி முகூர்த்தப் புடவை குடுக்கணும். உங்க கிடாரா வந்து நெய்யும்?"

(ரெக்கார்டில் பின்னால் டக் டக் என்று ஒரு சத்தம் வரும். ஏதோ மர்ம வாத்தியம் என்று பெரிய ஆட்கள் எழுதுகிறார்கள். மாமாவின் தறி ஐயா அது!)

கிடார்காரர் அப்பாவிடம் கேட்டார். "உங்ககிட்ட இருக்கறதுலயே வேகமான அடி எதுவோ, அத அடிங்க சார்."

"அது ஆத்தாள அழைக்கிற அடிப்பா. சும்மா அடிக்கக் கூடாது. அழைச்சா மலையேத்தணும், சூடம் காட்டி திருப்பி அனுப்பி வெக்கணும். அதுக்கு வேற அடி இருக்குது. ரெண்டையும் டேப்புல புடிச்சிக்கிறதுன்னா சொல்லு."

"பிடிச்சிக்கறோம் சார்."

அப்பா வேப்பிலை வைத்து, சூடம் ஏற்றி, ஆரம்பித்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் கிடார்காரர் தலை சுழன்றது. ஸ்டைல் என்று நினைத்தோம். பிறகு கால் தரையில் நிற்கவில்லை. கிடார் அலறியது. ஆத்தாதான்! சந்தேகமே இல்லை.

கூட வந்தவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். "டேய், ஏதோ போதை மாத்திரை போட்டுட்டான்டா!" என்று டேப்பை நிறுத்தி, அவரைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"யோவ், நிறுத்துங்கய்யா! இன்னும் மலையேத்தலய்யா!"

எரிகிற சூடத் தட்டோடு அப்பா பஸ் ஸ்டாண்டு வரை வேன் பின்னால் ஓடினார்.

அதனால்தான் அந்த ரெக்கார்ட் சடக்கென்று நடுவில் நின்றுவிடும். ('புரட்சிகரமான முடிவு' என்கிறார்கள். இருக்கட்டும்.)

அப்பாவுக்குக் கடைசிவரை அதே கவலை. "ஆத்தாள மேல வெச்சிக்கினே பூட்ச்சே அந்தப் புள்ள, இன்னா ஆச்சோ" என்பார். ஆடியில் கூழ் ஊற்றும்போது அந்தப் பிள்ளைக்கென்று தனியாக ஒரு சூடம் ஏற்றுவார். அப்பாவுக்குப் பிறகு நான் ஏற்றி வருகிறேன்.

எனக்கு இதில் ஒரு தனி வருத்தமும் உண்டு. விரதம் இருக்கிறேன், கூழ் ஊற்றுகிறேன், தீ மிதித்திருக்கிறேன். என் மேல் ஆத்தா ஒருநாளும் வந்ததில்லை. பெல்பாட்டம் மேல் வந்தாள்!

சரி, இன்றைக்கு வருகிறேன்.

"அப்ப நிஜமாவே அது சாமிதானாம்மா?" என்று லெஜண்டு மெதுவாகக் கேட்டார். "நான் பேட்டியில எல்லாம் ஏதோ போட்டுக்கிட்டேன்னே சொல்லிட்டேன். அப்ப அதான் ஃபேஷன்."

"போட்டீங்களாண்ணா?"

"உங்க வீட்ல குடுத்த மோர்தாம்மா குடிச்சேன்."

(மருமகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மோராம்!)

நான் சாமி அறைக்குப் போய் வேப்பிலை, எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் தட்டில் எடுத்து வந்தேன். அப்பா பாக்கி வைத்த வேலை. அதற்கு முன், அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

"அன்னிக்கி அப்புறம் உங்களுக்கு இன்னா ஆச்சுண்ணா?"

அவர் கூச்சப்பட்டார்.

"ஒண்ணும் ஆகலம்மா. ஸ்ரீபெரும்புதூர் போறதுக்குள்ள சரியாப் போச்சு. நல்ல பசி. ஓட்டல்ல நிறுத்தி இட்லி சாப்ட்டோம்."

"இட்லியா!"

"கெட்டிச் சட்னி. இன்னும் ஞாபகம் இருக்கு."

"அதுக்கப்புறம் ஆத்தா வந்தாளா?"

"எவ்வளவோ மேடை ஏறிட்டேன். வரலம்மா. அந்த மாதிரி ஒருநாள் கூட வாசிக்க முடியல."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. தட்டை அப்பா போட்டோவுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து ஏற்றினேன்.

"அப்பா, அந்தப் புள்ள நல்லா இருக்குது. அன்னிக்கே இட்லி சாப்ட்டுச்சாம்."

சூடம் அணையும்வரை லெஜண்டும் கைகூப்பி நின்றார்.

ரெக்கார்ட் மறுபடி வருகிறதாம். அதற்கு அப்பா போட்டோ கேட்கத்தான் வந்திருக்கிறார். பின்னட்டையில் 'உள்ளூர்க் கலைஞர்கள்' என்று இருந்த இடத்தில் இந்தத் தடவை அப்பா பேரே வரும். முடிவை மட்டும் தொட மாட்டார்களாம். தொட்டால் ரசிகர்கள் சும்மா விடமாட்டார்களாம்!

அதனால் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து கவனிக்கவும். கேட்டு முடித்ததும் ஒரு சூடம் ஏற்றிவிடுங்கள்.

மறந்துபோய், ஆத்தா உங்கள் ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டால் பயப்படாதீர்கள்.

என் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புங்கள். நான் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன்!