அணியம் பார்க்கும் பக்கம்

நூல் பிசிறாமலிருக்க அதை மெழுகுதிரித் துண்டில் இழுத்து, என் சின்னப் பாய்க்கப்பலின் கடைசிக் கயிற்றைக் கட்டி முடித்தேன். கை சோர்ந்து போயிருந்தது. விரலில் ஒட்டிய மெழுகு மணக்க, குருநகரில் நாங்கள் இருந்த பழைய வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

போரால் மீனவர் கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த காலம் அது. தடையை மீறிப் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. தொழிலில்லாமல் இருந்த அப்பா, உடைந்த வள்ளப் பலகையைச் சீவி ஒரு பாய்க்கப்பல் செய்தார். வேதக்கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரியில்தான் அவரும் நூலை இழுப்பார். அலுமாரிக்கு மேலே, கப்பலின் அணியம், அதாவது முன்பக்கம், கடல் பக்கமிருந்த வாசலைப் பார்க்க வைத்தார். தூசு தட்டும்போது அம்மா அதை வீட்டுக்குள் பார்க்கத் திருப்பிவிடுவார்.

"கப்பலெண்டால் கடலைத்தானே பாக்கவேணும்?" என்பார் அப்பா.

"ஏனப்பா, வீட்டுக்குத் திரும்பி வாற கப்பலா இருக்கக்கூடாதோ?" என்பார் அம்மா.

அப்பா திரும்பவும் வாசல் பக்கம் வைப்பார். தடை நீங்கி அவர் தொழிலுக்குப் போன பிறகும் இந்தச் சண்டை ஓயவில்லை.

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் காலை அலுமாரியைப் பார்த்தேன். கப்பல் வீட்டுக்குள் பார்த்தபடி நின்றது.

"ஆரப்பா திருப்பினது?"

"தூசு தட்டேக்கை திரும்பிப்போச்சு," என்றார்.

அப்பா ஒருநாளும் தூசு தட்டியதில்லை.

முடிச்சில் தடவிய பசை காய்ந்ததும் என் கப்பலை அலுமாரிக்கு மேல் வைத்தேன். என் பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். எதிர்த்துத் திருப்ப இங்கே ஒருவருமில்லை. அணியத்தை வீட்டுக்குள் பார்க்க வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.