இடுக்கில் சிக்கிய சேலை

திருச்சுழிப் பக்கம் விறகை மூடி எரித்துக் கரி எடுக்கும் கரிமூட்ட வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் என் காப்பகத்தில் பார்த்துக்கொள்கிறேன். அரசு மானியத்தில் எங்களுக்குக் குட்டிக் கட்டில்கள் கிடைத்தன. பிள்ளைகளோ அவரவர் அம்மாவின் பழைய சேலையில் தூளி கட்டினால்தான் தூங்குவார்கள்.

அதிகாரி ஆய்வுக்கு வந்த அன்று, தூளிகளைப் பார்த்தால் மானியத்தை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, சேலைகளை அவிழ்த்துத் பெரிய தகரப் பெட்டியில் திணித்தேன். வாசலுக்குப் போய் அவரை அழைத்து வந்தால், இரண்டரை வயது முத்துமாரியைக் காணவில்லை.

பின்னால் கைப்பிடிச் சுவரில்லாத கிணறு. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. உள்ளே ஓடி வந்தேன்.

"அந்தப் பெட்டியில என்னம்மா இருக்கு?" என்றார் அதிகாரி. ஒரு சேலை முனை வெளியே தொங்கியது.

"பழைய துணி மேடம்." அப்போதும் என் வாயில் அதுதான் வந்தது.

அவரே மூடியைத் தூக்கினார். அம்மா சேலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வியர்வையில் நனைந்து, முத்துமாரி தூங்கிக்கொண்டிருந்தாள். மூடி முழுதாக மூடாமல், உள்ளே காற்று போகும்படி காத்தது இடுக்கில் சிக்கிய அந்தச் சேலைதான்.

"முதல்ல தூளியைக் கட்டுங்க. மத்ததை அப்புறம் பாப்போம்" என்றார். பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் உடம்பெல்லாம் கரியோடு அவள் அம்மா வந்தாள்.

"பிள்ள தூங்குனாளாக்கா?"

"நல்லாத் தூங்குனா."

அதற்கு மேல் சொல்ல எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.