பாலத்தடியில் எடுத்த படம்

கூராகச் சீவிய பென்சில் நெகட்டிவின் மேல் எறும்பு ஊர்வதுபோல் நகர்ந்தது. ஒரு கை பூதக்கண்ணாடியைப் பிடித்திருக்க, மறு கை ஒரு பெண்ணின் கண்ணுக்குக் கீழிருந்த திட்டைப் புள்ளி புள்ளியாக அடைத்தது. அச்சுப் போட்டால் அந்த இடம் வெளுத்து, முகம் கழுவிவிட்டதுபோல் வரும். ஸ்டூடியோவிலிருந்து வெளியே போகிற முகத்தில் கறை இருக்கக்கூடாது. ஸ்டூடியோவில் படங்களைத் திருத்தி வர்ணம் தீட்டும் இருதயம்மாள் அது என்ன கறையென்று ஒருநாளும் கேட்டதில்லை.

படங்கள் ஞானசுந்தரத்துடையவை. கம்பெனி அவனைப் பயிற்சிக்கு இங்கிலாந்து அனுப்பியபோது மனைவி செலினையும் கூட்டிப்போய், வாடகைக் காரில் நாட்டுப்புறமெல்லாம் சுற்றியிருந்தான். கல்வேலி, செம்மறிக்கூட்டம், ஓடைப் பாலம். "புல்லுக்கு நல்ல பச்சையாப் போடுங்க. எம் மாமனார் அசந்து போகணும்" என்று சொல்லிக் கொடுத்திருந்தான்.

மறுநாள் செலின் தனியாக வந்தாள். பாலத்துப் படத்தைப் பார்த்ததும் வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, கண்ணுக்குக் கீழ இருந்ததை ஏன் எடுத்தீங்க?"

"கறைதானே?"

"அவர் அடிச்சது. மேப்பைப் பார்த்து வழி தப்பாச் சொல்லிட்டேன். காரை நிறுத்தி, என் மூஞ்சியைக் கதவுல வச்சு மோதுனாரு. அப்புறம் கைக்குட்டையால தொடைச்சுவிட்டு சிரிடின்னாரு. ரோட்டுல போன கிழவரைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னாரு. ஸ்டூடியோவுல கறையை எடுத்துருவாங்கன்னு தெரிஞ்சுதான் உங்ககிட்டக் குடுத்திருக்காரு."

"உங்கப்பாகிட்டச் சொல்லலையா?"

"சீமையெல்லாம் சுத்திக் காட்டுனவன் அடிப்பானாங்கிறார். இதைக் காட்டினா வீட்டுல சேர்த்துக்குவார். இல்லேன்னா இவர் கையிலதான் என் சாவு."

இருதயம்மாள் பஞ்சை டர்பன்டைனில் நனைத்தாள். "பென்சில்தானே, போயிரும். நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா."

துடைத்த நெகட்டிவிலிருந்து புதிதாக அச்சுப் போட்டாள். வர்ணம் போடுகிறவர்கள் எப்போதும் இரண்டு அச்சு எடுப்பார்கள். ஒன்று நிறம் பார்க்க. அதில் புல்லை மட்டும் தீட்டிப் பார்த்து ஒற்றுத்தாளுக்கடியில் வைத்துவிட்டு, நல்ல படத்தை முடித்துக் காயவைத்தாள்.

மறுநாள் முதலில் வந்தவன் ஞானசுந்தரம். மேசையில் கிடந்த படத்தைப் பார்த்தான்.

"யாருடி உன்னை இதை வரையச் சொன்னது?"

"வரையலை. வரைஞ்சதைத் தொடைச்சேன்."

கொண்டையைப் பிடித்து அவள் முகத்தை மேசை விளிம்பில் மோதினான். எழ முயன்றவளை மறுபடி மோதினான். சீசா உடைந்தது, ஊன்றிய உள்ளங்கையைக் கண்ணாடி கிழித்தது. டர்பன்டைன் வெட்டுக்குள் இறங்க அவள் அலறினாள். அவன் படத்தைத் துண்டு துண்டாகக் கிழித்தான். நெகட்டிவைப் பூட்ஸ் காலால் தேய்த்தான்.

"இப்பக் காட்டு, பார்ப்போம்." விலாவில் ஓர் உதை விட்டுவிட்டுப் போனான்.

அவள் தவழ்ந்து எழுந்தாள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒற்றுத்தாளை விலக்கினாள். புல் பச்சையாக இருந்தது. செலினின் கன்னம் இன்னும் வெறும் சாம்பல். சுவர்க் கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்த்தாள். கிழிபட்ட படத்தில் நேற்று சிவப்பைக் குறைத்துப் போட்டிருந்தது தெரிந்தது. குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஒரு தரம் கண்ணாடியையும் ஒரு தரம் படத்தையும் பார்த்துத் தீட்டி முடித்தாள்.

செலினோடு வந்த அவள் அப்பா பாக்கியசாமி படத்தைத் தொடவில்லை. "வர்ணம் பூசுறது உன் தொழிலாச்சே அம்மா. இதுவும் பூசினதுதானே?"

இருதயம்மாள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவர் வீங்கியிருந்த அவள் கண்ணைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார்.

"யாரு, மருமகனா?"

"கொஞ்சம் முந்தித்தான் போனார்."

அவர் மகளை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, படத்துக்காக இரண்டு கைகளையும் நீட்டினார்.

"ஓரத்தைப் பிடிங்க ஐயா, இன்னும் காயலை" என்று கொடுத்தாள்.