எட்டாம் பிளாக் கோப்பை வென்ற வெள்ளிக்கிழமை

போன வாரம் மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன், பையிலிருந்து சிவப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்துச் சர்ரென்று இழுத்தார். அவ்வளவுதான். அந்தப் பசை வாசனை மூக்கில் ஏறியதும் மோட்டாரும் மறந்தது, தொட்டியில் தண்ணீர் இல்லாததும் மறந்தது. "சார், சுவிட்சப் போடுங்க" என்று அவர் மூன்று தடவை சொன்னாராம். கடைசியில் வீட்டுக்காரிதான் வந்து போட்டாள். "அவரு ஜுபைலுக்குப் போயிட்டாரு, வர நேரமாகும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு எனக்கு ஒரு முறைப்பும் தந்துவிட்டுப் போனாள்.

அவள் சொன்னது சரிதான். அந்த வாசனைக்கு இன்றும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. சவூதியில் ஜுபைல் என்ற ஊர். அங்கே ரசாயன ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்டிராக்ட் கம்பெனியில் நான் டைம்கீப்பர், யார் எந்த ஷிப்டுக்கு வந்தார்கள் என்று குறிக்கிறவன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். கேம்ப் என்கிற எங்கள் தங்குமிடத்தில் ஆடும் கிரிக்கெட்டில் பந்து என்றால் டென்னிஸ் பந்துதான். அதன்மேல் இந்த டேப்பை இறுக்கிச் சுற்றினால் கனம் ஏறும், வேகம் கூடும். ஒரு பக்கம் மட்டும் மெல்லிசாக இன்னொரு சுற்று ஓட்டினால் காற்றில் வளையும். அந்த வேலையை செல்வராசுதான் செய்வான். வேறு யாராவது தொட்டால், "அண்ணே, கையெடு. பந்து கோவிச்சுக்கிரும்" என்பான்.

செல்வராசு முதுகுளத்தூர்ப் பக்கம். பைப் ஃபிட்டருக்கு ஹெல்பர். தமிழைத் தவிர ஒரு பாஷையும் தெரியாது. கிளம்பு, முடிந்தது, சீக்கிரம் என்பதற்கான யல்லா, கல்லாஸ், ஜல்தி என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு ஏழு மாதம் ஓட்டியிருந்தான். ஊரில் பழைய வீட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்தவன். புதுச் சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்திருந்தது. அந்தச் சுவரின் போட்டோவைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான். மற்றவர்கள் அங்கே பெண்டாட்டி போட்டோ வைத்திருப்பார்கள். இடக்கையால் பந்து போட வந்தான் என்றால், எதிரில் மட்டை பிடித்தவன் ஒருமுறை பின்னால் திரும்பி ஸ்டம்பைப் பார்த்துக்கொள்வான்.

எங்கள் டீமுக்கு 'எட்டாம் பிளாக் லெவன்' என்று பெயர். எங்கள் என்கிறேனே தவிர, நான் அதில் ஆடியது ஒரே ஒரு நாள். முதல் பந்தையே மூக்கால் பிடித்தேன். ரத்தத்தைத் துடைத்துவிட்ட கேப்டன் காதர் பாய், "தம்பி, உனக்குக் கையெழுத்து நல்லாருக்கு. நீ ஸ்கோர் எழுது" என்றார். காதர் பாய் கீழக்கரைக்காரர், கேம்ப் ஸ்டோர்கீப்பர். அன்றிலிருந்து நான் ஸ்கோரரும், கத்துகிறவனும், ஜெயிக்கும்போது உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாதவனும் ஆனேன். அசைந்தால் விக்கெட் விழுந்துவிடும். சிரிக்காதீர்கள், நிஜமாகவே விழுந்திருக்கிறது.

மொத்தம் எட்டு கேம்ப். வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஆட்டம். விடிந்ததும் தொடங்கும், ஜும்மா தொழுகைக்குப் போகும் பஸ் வந்து ஹாரன் அடித்தால் முடிந்தது. பாதி ஓவரானாலும் சரி, அந்த நிமிஷத்தில் யார் முன்னால் இருக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. முதல் வருஷம் அரையிறுதியில் மூன்று பந்தில் நாலு ரன் வேண்டும். பாழாய்ப்போன பஸ் சீக்கிரமே வந்துவிட்டது. காதர் பாய்தான் மட்டை பிடித்திருந்தார். அதை என் கையில் திணித்துவிட்டு, "தொழுதுட்டு வந்து அழுவோம்" என்று ஏறிப்போனார். அடுத்த வருஷம் ரன் அவுட். அதற்கடுத்த வருஷம் சாரம் கட்டுகிற கம்பெனியின் கேம்ப்போடு மோதினோம். அவர்களுக்கு பெஷாவர்க்காரர் ஒருவர் இருந்தார், எல்லாரும் லாலா என்போம். கதவு அகலத்துக்கு ஆள். அவர் அடித்த சிக்ஸர், கழிவுநீர் அள்ளிக்கொண்டு போன டேங்கர் லாரியின் தலையில் விழுந்து லாரியோடேயே போய்விட்டது. எங்களிடம் வேறு பந்து இல்லை. அதையும் தோல்வி என்றே எழுதினேன்.

நாலாவது வருஷம் செல்வராசு வந்து சேர்ந்தான், ஃபைனலுக்கே வந்துவிட்டோம். எதிரே அதே லாலா. ஆனால் எங்கள் ஆலையில் ஷட்டவுன் வந்து தொலைத்தது. ஷட்டவுன் என்றால் ஆலையை நிறுத்திக் குழாய் குழாயாகக் கழற்றிப் பழுது பார்ப்பது. வெள்ளியும் கிடையாது, லீவும் கிடையாது, பன்னிரண்டு மணி நேர டியூட்டி. மற்ற நாட்களில் ஷிப்டை மாற்றிப் போட்டு நம் பையன்களுக்கு வெள்ளியை விடுவித்துத் தருவது என் வழக்கம். டீமுக்கு நான் செய்த ஒரே உபகாரம் அதுதான். ஷட்டவுனில் அது நடக்காது. காதர் பாய் எப்படியோ பத்துப் பேரைத் தேற்றிவிட்டார். செல்வராசு மட்டும் மாட்டிக்கொண்டான்.

"விடுண்ணே, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றான் அவன். நான்தான் கேட்கவில்லை. இருநூறு பேரில் ஒரு ஹெல்பர் இல்லாததை எவன் பார்க்கப் போகிறான்?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆலைக்குள் போகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட அலுமினிய வில்லை உண்டு. போகும்போது கேட்டில் இருக்கும் பலகையின் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் எத்தனை வில்லையோ, உள்ளே அத்தனை ஆள். அன்று காலை செல்வராசுவின் பெயருக்கு நேரே வந்ததாகக் குறித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஷீட்டில் ஓர் எண்ணிக்கை, பலகையில் ஓர் எண்ணிக்கை என்றிருந்தால் டைம்கீப்பருக்குச் சோறு இறங்காது. அவனிடம் வாங்கி வைத்திருந்த வில்லையை எடுத்து ஆணியில் நானே மாட்டினேன். இரண்டும் சரியாக வந்தது. அப்பாடா என்றிருந்தது.

கேட் கேபினில் ஒரு டெலிபோன் உண்டு. மெஸ்ஸில் சமைக்கும் ராவுத்தர், மைதானத்துக்கும் கேம்ப் ஆபீசுக்குமாக ஓடி ஓடி ஸ்கோர் சொல்வதாக ஏற்பாடு. முதல் போனில் நாம் எழுபத்தெட்டு. ரெண்டாவது போனில் அவர்கள் மூன்று விக்கெட்டுக்கு நாற்பது, லாலா நிற்கிறார். நான் நாற்காலியைவிட்டு அசையவில்லை. டீ வந்தது, ஆறிப்போனது. ஒன்றுக்கு முட்டியது, அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் சைரன் அலறியது.

விட்டு விட்டு அலறினால் வாயுக் கசிவு. உள்ளேயிருந்த அத்தனை பேரும் ஓடிவந்து பச்சைப் பலகை வைத்த திடலில் வரிசை கட்டினார்கள். எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. சேப்டி ஆபீசர் தலைகளை எண்ணினார். பிறகு பலகையை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். ஒன்று அதிகம். வில்லை வில்லையாக நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார், செல்வராசுவின் நம்பருக்கு யாரும் கை தூக்கவில்லை. "ஏக் ஆத்மி அந்தர் ஹை!" ஓர் ஆள் உள்ளே இருக்கிறான்.

இரண்டு பேர் முதுகில் காற்று சிலிண்டரை மாட்டத் தொடங்கினார்கள். ஒருவர் நேபாளி, தினமும் காலையில் என்னிடம் சிரித்துவிட்டுப் போகிறவர். அவரை விஷ வாயுவுக்குள் தேட அனுப்புகிறார்கள். தேடப்படுகிற ஆளோ ரெண்டு மைல் தள்ளி மணலில் பந்து போட்டுக்கொண்டிருக்கிறான். சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். சொன்னால் என் வேலை போகும், அவன் வேலையும் போகும். அவர்கள் வாரை இறுக்கினார்கள். முகமூடியை மாட்டினார்கள். நான் நின்றேன். கல் மாதிரி நின்றேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

கேபினில் டெலிபோன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். "கப்பு நமக்குத்தேன்! கடைசி ஓவரு செல்வராசு! லாலா ஸ்டம்பு பறந்துருச்சு!" என்று ராவுத்தர் கத்தினார். பின்னால் ஒரே விசில் சத்தம். நாலு வருஷமாகக் காத்திருந்த செய்தி. போனைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தேன். அந்த இருவரும் கேட்டைத் தாண்டிவிட்டார்கள். "ரோக்கோ! நிறுத்துங்க! கேம்ப்லேர்ந்து போன்! ஆள் அங்க இருக்கான்!" என்று தமிழும் இந்தியுமாக அலறிக்கொண்டு பின்னால் ஓடினேன். நேபாளிதான் முதலில் திரும்பிப் பார்த்தார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கசிவையும் அடைத்துவிட்டார்கள். மறுநாள் விசாரணை. மேனேஜர் கேட்பதைச் செல்வராசுவுக்குத் தமிழில் சொல்ல, அவன் சொல்வதை மேனேஜருக்கு ஆங்கிலத்தில் சொல்ல, ஆபீசில் இருந்த ஒரே ஆள் நான்தான். வில்லையை மாட்டியது யார் என்று மேனேஜர் கேட்டார். அவனிடம் அதையே கேட்டேன்.

"நாந்தேன்னு சொல்லுண்ணே. காலையில வந்து மாட்டிட்டு, பின்வாசல் வழியா நழுவிட்டேன்னு சொல்லு."

"டேய், என்னடா உளர்ற?" என்றேன் மெதுவாக.

"ரெண்டு பேரும் போயி என்னண்ணே ஆகப்போகுது? நீ இருந்தாத்தான நம்ம பயலுகளுக்கு வெள்ளி கெடைக்கும். சொல்லு, அந்தாளு பாக்குறான்ல."

சொன்னேன். ஒரு சொல் தவறாமல், இலக்கணச் சுத்தமாக, நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். மேனேஜர் எழுதிக்கொண்டார். செல்வராசுவை வேலையிலிருந்து நீக்கி, பாஸ்போர்ட்டில் எக்ஸிட் அடித்துவிட்டார்கள். அடுத்த வாரமே ஊருக்கு. ஏர்போர்ட் வண்டி கிளம்பும்போது மொத்த பிளாக்கும் வாசலில் நின்றதாம். லாலா ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். நான் அன்று டியூட்டி என்று கேபினிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அங்கே இருந்தேன். ஒருவனுக்குக்கூட வெள்ளிக்கிழமை மாற்றித் தரவில்லை. பயம். "தம்பி, ஒரே ஒரு ஆளு" என்று காதர் பாய் கேட்பார். "ரூல் பாய்" என்பேன். ஒரு நாள் அவர் கேட்பதை நிறுத்திக்கொண்டார். அடுத்த சீசனில் ஒன்பது பேரை வைத்து ஆடி முதல் ஆட்டத்திலேயே வெளியேறினார்கள். அதற்கடுத்த சீசனில் எட்டாம் பிளாக் பெயரே கொடுக்கவில்லை.

இப்போது அந்த மைதானத்தில் எண்ணெய்த் தொட்டிகள் நிற்கின்றனவாம். கேம்ப்பை இடித்துவிட்டார்கள். வில்லைப் பலகை போய், கார்டைத் தேய்த்தால் திறக்கிற கதவு வந்துவிட்டது. காதர் பாய் இல்லை. கோப்பை யாரிடம் இருக்கிறதென்று தெரியவில்லை.

செல்வராசுவின் நம்பரை ராவுத்தர்தான் எங்கோ தேடிப் பிடித்து அனுப்பினார். இரண்டு வருஷமாக என் போனில் இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் போனபிறகு அதை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். லாலாவின் ஸ்டம்பை எப்படித் தூக்கினாய், பந்து உள்ளே வளைந்ததா, வெளியேவா என்று கேட்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஆனால் அதைக் கேட்பதற்கு முன்னால், அந்தச் சுவர் ஜன்னலுக்கு மேலே எழும்பியதா என்று கேட்க வேண்டும். அதைக் கேட்க வாய் வரவில்லை.