எருக்கம்பாலும் ஒரு காலைப் புகையும்

நாலைந்து வருஷம் இருக்கும். பிள்ளையார் சதுர்த்தியன்று காலையில், தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் நடந்தது இது. எனக்கு எழுத்து தெரியாது. ஊருக்கு வந்திருக்கும் மகள், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். பேச்சு முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை வியாதியில் அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. சோறாக்குவது, மாத்திரை பார்த்துக் கொடுப்பது, கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போவது எல்லாம் நான்தான். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து வீட்டில் இருந்தது ஒரு ஜோடிக் கண்.

தொழிற்பேட்டையில் கம்பெனிச் சுவர் ஓரமெல்லாம் வெள்ளெருக்கு மண்டிக் கிடக்கும். பிள்ளையாருக்கு எருக்கமாலை போடாமல் எங்களுக்குச் சதுர்த்தி கிடையாது. ரத சப்தமிக்கு அதன் இலையைத் தலையில் வைத்துக் குளிப்போம். காலில் முள் குத்தினால் அதன் பாலைத்தான் வைப்போம். சாமிச் செடி, மருந்துச் செடி, அது என்ன செய்துவிடும் என்ற நினைப்பு. அன்றைக்கு மாலைக்குப் பூப்பறித்த கையாலேயே முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். கண் லேசாக உறுத்தியது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மாலை கட்டினேன். கட்டி முடித்து நிமிர்ந்தால் எங்கு பார்த்தாலும் புகை. எதிர் கம்பெனியின் கேட்டைக் காணவில்லை. கேஸ் கசிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து கத்தினேன்.

"யப்பா, கேஸ் வந்துகினு கீது! எல்லாம் ஓடுங்கப்பா!"

யாரும் அசையவில்லை. டீக்கடைக்காரன் சிரித்தான். "இன்னா பெர்சு, சதுர்த்தியும் அதுவுமா காலைலயே ஏத்திக்கினியா? புகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. குந்து."

அப்போதுதான் புரிந்தது. ஊரில் இல்லாத புகை என் கண்ணுக்குள் இருக்கிறது. வலியே இல்லை. வலித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அடுத்த வேளை அவளுக்கு யார் மாத்திரை எடுத்துக் கொடுப்பது என்றுதான் முதலில் தோன்றியது.

"தாய்ப்பால் ரெண்டு சொட்டு வுட்டா சரியாப் பூடும். இல்லன்னா வெளக்கெண்ணெ வுடு," என்றான் டீக்கடைக்காரன், இப்போது சிரிக்காமல்.

"எண்ணெய் நஹி! பால் நஹி!" என்று ஒரு குரல். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த வடநாட்டுக்காரர், கம்பெனி வேலையாள். என் கையை இழுத்து, விரலில் காய்ந்திருந்த எருக்கம்பாலைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு தன் முகத்தை என் முகத்துக்கு வெகு கிட்டே கொண்டுவந்தார். அந்தப் புகையிலும் தெரிந்தது. அவருடைய ஒரு கண் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"தாத்தா, நம்ம ஊர்ல மகாதேவ் சாமிக்கு இந்தப் பூ. நம்ம சின்னதுல பறிச்சான், கண்ல பால் பட்டான். ஊர்ல எண்ணெய் ஊத்தினான். கண் போச்சு. தண்ணி மட்டும். டாக்டர் போ."

இமையை விரித்துப் பிடித்துத் தன் பாட்டில் தண்ணீரை ஊற்றினார், கடைக் குடத்துத் தண்ணீரையும் ஊற்றினார். வேலைக்குப் போகாமல் என்னோடு ஷேர் ஆட்டோவில் ஏறிப் பொன்னேரி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார். வழி முழுக்க என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டே இருந்தார், நான் மறந்தும் கண்ணைத் தொட்டுவிடக் கூடாதென்று.

"கருவிழி வீங்கியிருக்கு பெரியவரே. சொட்டு மருந்து விடுங்க. பார்வை திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்காரியிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்துதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"இன்னாயா, என்னாட்டமா செவுத்தத் தடவிக்கினு வர்ற?" என்றாள், சத்தத்தை வைத்தே.

"கண்ல தூசி வுழுந்துச்சி மே."

அவள் என் தோளைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். "நீ குந்து. அடுப்பு எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்."

அதன் பிறகு விடிகிற ஒவ்வொரு பொழுதும் கண்ணைத் திறக்கவே பயம். மூடியிருக்கும் வரைக்கும்தானே நம்பிக்கை. சொட்டு மருந்து விட விட முதலில் ஜன்னல் கம்பி தெரிந்தது, பிறகு கதவு. ஒருநாள் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. கன்னத்தில் அடுப்புக்கரி அப்பியிருந்தது. துடைத்துவிட்டுக்கொண்டே அழுதேன்.

அந்த மனிதரைத் தேடி டீக்கடைக்குப் போனேன். காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போய்விட்டாராம். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

இப்போதும் சதுர்த்திக்கு எருக்கு பறிக்கிறேன், கையைக் கழுவாமல் முகத்தைத் தொடுவதில்லை. மார்கழியில் பனி மூடினால் மட்டும் அந்தப் புகைதான் திரும்ப வந்துவிட்டதோ என்று தோன்றும். கையை நீட்டி விரலைப் பார்ப்பேன். விரல் தெரிந்ததும், எங்கோ ஒரு மகாதேவர் கோயில் பக்கம் சின்ன வயதில் அந்த மனிதர் இழந்த கண்ணால்தான் எங்கள் வீட்டில் இன்னமும் விளக்கு எரிகிறது என்று நினைத்துக்கொள்வேன்.